‘வயசு’ என்பது நோயின் பெயர் அல்ல

வழக்கமாக இங்கே தபாலாபீஸ் கதைகளும் கும்பகோணத்துப் பழைய கதைகளும் எழுதுகிறவன் நான். இன்றைக்குக் கொஞ்சம் கோபமாக எழுதப்போகிறேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போன வாரம் மகாமகக் குளத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தபோது, பல வருடமாகப் பழக்கமுள்ள ஒரு பெரியவர் கூட வந்தார். தன் மனைவியைப் பற்றிச் சொன்னார். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துவிடுகிறாராம். போன மாதம் சொந்தத் தெருவிலேயே வீடு எதுவென்று தெரியாமல் நின்றிருக்கிறார். நரம்பு டாக்டரிடம் காட்டியிருக்கிறார்கள். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் முடிந்து, “முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்தால் தெளிவாகத் தெரியும்” என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

“வேண்டாம்னுட்டேன் சார். எழுபது வயசாச்சு, மறதி வரத்தான் செய்யும். தெரிஞ்சுதான் என்ன பண்ணப்போறோம்? முதுகுல ஊசி போட்டு கால் விளங்காமப் போச்சுன்னா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால், வார்த்தைக்கு வார்த்தை இதையேதான் எங்கள் வீட்டிலும் ஆறு வருடத்துக்கு முன்னால் சொன்னோம். நானும் சேர்ந்துதான் சொன்னேன். அன்று அவருக்கு நான் சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

என் அண்ணன் கணக்கு வாத்தியார். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முப்பத்திரண்டு வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். அவருக்கு எழுபத்தொன்று நடக்கும்போது பால்காரர் கணக்கில் இடிக்க ஆரம்பித்தது. ஒரே மாதத்தில் இரண்டு தடவை பணம் கொடுத்தார். அடுத்த மாதம் கொடுக்கவே இல்லை. கேட்டால் சண்டைக்குப் போனார். அண்ணி சிரித்துக்கொண்டே சொன்னார், “உங்க அண்ணனுக்கு வயசாயிடுச்சு தம்பி.”

எனக்கு மட்டும் உள்ளே உறுத்தியது. நான் சப் போஸ்ட் மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவன். சேமிப்புக் கணக்கில் பணம் எடுக்க வரும் பெரியவர்களின் கையெழுத்து ஸ்பெசிமனோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது தினசரி வேலை. சிலருக்கு நடுக்கத்தால் கோடு கோணும். அது வயசு. சிலர் பேனாவைப் பிடித்துக்கொண்டு, அடுத்த எழுத்து என்னவென்று யோசித்து நிற்பார்கள். அது வேறு. அண்ணன் ஒரு நாள் செக்கில் கையெழுத்துப் போடும்போது அப்படித்தான் நின்றார்.

அன்று சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது கேட்டார். “டேய், எனக்கு என்னடா ஆவுது? ஒண்ணுமே நெலையா நிக்க மாட்டேங்குது.”

“ஒண்ணுமில்லண்ணே. வயசுதான்” என்றேன்.

நாற்பது வருடம் சர்வீசில் நான் ஒரு கடிதத்தைக்கூட மறைத்ததில்லை. அன்று அண்ணனுக்கு வந்த செய்தியை மறைத்தேன்.

தஞ்சாவூரில் ஒரு நரம்பு டாக்டரிடம் காட்டினோம். தைராய்டு, பி12 எல்லாம் சரியாக இருந்தன. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் மூளை கொஞ்சம் சுருங்கியிருக்கிறது, இந்த வயதுக்கு இப்படியும் இருக்கலாம், நோயாகவும் இருக்கலாம் என்றார். தண்டுவட நீரைப் பரிசோதிக்கலாம் என்றார். அண்ணி அழுதார். மகன், “பெத்த அப்பாவை ஊசியால குத்திப் பாக்கணுமா சித்தப்பா?” என்றான். நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டோம்.

இப்போது அந்த ஊசியைப் பற்றிப் பேசுவோம். நம் பயத்துக்கு ஒரு காரணம் உண்டு, அதை நான் கேலி செய்ய மாட்டேன். நம் சிறுவயதில் மூளைக்காய்ச்சல் வந்த பிள்ளைகளுக்குத்தான் முதுகில் நீர் எடுப்பார்கள். அதில் பல பிள்ளைகள் பிழைக்கவில்லை. பிழைத்த சிலருக்குக் கை கால் வரவில்லை. பழி ஊசி மேல் விழுந்தது. அந்தப் பிள்ளைகளைக் கெடுத்தது காய்ச்சல். ஊசி அதைக் கண்டுபிடிக்கப் போட்டது.

நம் தண்டுவடம் முதுகெலும்பின் அடிவரை வருவதில்லை. பெரியவர்களுக்கு அது இடுப்புப் பகுதியின் முதல், இரண்டாம் எலும்பருகே முடிந்துவிடும். ஊசி போடுவது அதற்குக் கீழே, மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவிலோ, நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவிலோ. அங்கே தண்டுவடம் கிடையாது. நீரில் மிதக்கும் நரம்பு இழைகள்தான் உண்டு. மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி நமக்குச் சுமார் 150 மில்லி நீர் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 500 மில்லி புதிதாகச் சுரக்கிறது. சோதனைக்கு எடுப்பது 10 மில்லி அளவு. அரை மணி நேரத்தில் உடம்பு அதை ஈடுகட்டிவிடும். சிலருக்கு ஓரிரு நாள் தலைவலி வரும். வயதானவர்களுக்கு அதுவும் குறைவு. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்னாலேயே சொல்லியாக வேண்டும். மூளையில் கட்டி இருந்தால் இதைச் செய்யக் கூடாது, அதற்காகத்தான் முதலில் ஸ்கேன்.

ஜெர்மனியில் குவிங்கே என்ற மருத்துவர் இந்த முறையைச் செய்துகாட்டியது 1891-இல். 130 வருடத்துக்கு மேலாகிவிட்டது. இன்னொன்றும் கேட்கிறேன். நம் வீட்டுப் பெண்களுக்கு சிசேரியன் செய்யும்போது மரத்துப்போக எங்கே ஊசி போடுகிறார்கள்? அதே முதுகில், அதே பகுதியில். என் அண்ணன் மகளுக்கு இரண்டு பிரசவமும் அப்படித்தான். அப்போது யாரும் கால் விளங்காமல் போய்விடும் என்று ஆஸ்பத்திரியை விட்டு எழுந்து வரவில்லை. பேரப்பிள்ளை வேண்டும் என்றால் பயம் இல்லை. தாத்தாவுக்கு என்ன நோய் என்று பார்க்க மட்டும் பயம் வந்துவிடுகிறது.

சரி, அந்த நீரில் என்ன தெரியும்? அல்சைமர் என்ற ஜெர்மன் மருத்துவர் 1906-இல் இந்த நோயைப் பற்றி முதலில் பேசினார். தன் நோயாளி இறந்த பிறகு மூளையை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்துத்தான் அவரால் பேச முடிந்தது. மூளையில் இரண்டு விதமான குப்பை சேர்ந்திருந்தது. நரம்பணுக்களுக்கு வெளியே அமிலாய்டு என்ற புரதத்தின் படிவுகள். உள்ளே முறுக்கிக்கொண்டு கிடந்த இழைகள். அவை டாவ் என்ற புரதம் என்று பல காலம் கழித்துத் தெரிந்தது. அதற்குப் பிறகு ஒரு தலைமுறை அல்ல, மூன்று தலைமுறைக்கு, உயிரோடு இருப்பவருக்கு இந்த நோய்தான் என்று அடித்துச் சொல்ல வழியில்லை.

1990-களில்தான் தண்டுவட நீரில் இந்தப் புரதங்களை அளக்க ஆரம்பித்தார்கள். சுவீடனில் கோதன்பர்க் பல்கலைக்கழகத்தின் காய் பிளென்னோ இதில் முன்னோடிகளில் ஒருவர். அளந்தபோது ஒரு வேடிக்கை தெரிந்தது. நோயாளியின் தண்டுவட நீரில் அமிலாய்டு 42 என்ற வகை அதிகமாக இல்லை, குறைந்திருந்தது. பாலில் உறை ஊற்றி வைத்தால் கெட்டியானதெல்லாம் தயிரில் போய்விடும், மேலே நிற்கும் நீர் வெளுத்துப்போகும் அல்லவா? அதே மாதிரிதான். அமிலாய்டு மூளையில் உறைந்துவிடுவதால் நீரில் குறைகிறது. டாவ் புரதம், அதிலும் பாஸ்பேட் ஒட்டிய டாவ், நீரில் கூடுகிறது. ஒன்று இறங்கி மற்றொன்று ஏறினால் அல்சைமர் என்று சந்தேகப்பட வலுவான காரணம் உண்டு. மூளையில் அமிலாய்டைப் படம் பிடிக்கும் பெட் ஸ்கேனோடு இந்த முடிவு சுமார் 90 சதவீதம் ஒத்துப்போகிறது.

மற்ற நோய்களுக்கும் இப்படி அடையாளங்கள் வந்திருக்கின்றன. பார்க்கின்சன் நோயில் ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதம் தவறாக மடிகிறது. தண்டுவட நீரில் அதைப் பெருக்கிக் காட்டும் சோதனையில், பார்க்கின்சன் உள்ளவர்களில் சுமார் 88 சதவீதம் பேருக்கு விடை கிடைத்ததாக 2023-இல் ஒரு பெரிய ஆய்வு சொன்னது. மிக வேகமாக மூளையை அழிக்கும் குரூட்ஸ்ஃபெல்ட் ஜேக்கப் நோய்க்கும் தண்டுவட நீரில் சோதனை உண்டு.

“டாக்டர் பார்த்தாலே தெரியாதா, இத்தனை சோதனை எதற்கு?” என்பார்கள். நல்ல டாக்டருக்குப் பாதி தெரியும். முழுக்கத் தெரியாது. அல்சைமர் என்று மருத்துவர்கள் நம்பி மருந்து ஆய்வில் சேர்த்த நோயாளிகளில் ஏறத்தாழ கால்வாசிப் பேரின் மூளையில் அமிலாய்டே இல்லை என்று பிறகு தெரிந்தது. சேர்த்தவர்கள் பெரிய பெரிய நிபுணர்கள். அவர்களுக்கே அப்படி என்றால், பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு நாம் கொடுக்கும் ‘வயசு’ என்ற தீர்ப்புக்கு என்ன மரியாதை?

இப்போது அந்தப் பெரிய கேள்விக்கு வருகிறேன். தெரிந்து என்ன பண்ணப்போகிறோம்? குணமாக்க மருந்து இல்லையே?

உண்மை. குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. லெக்கானமேப் என்ற புது மருந்து அமெரிக்காவில் 2023-இல் முழு அனுமதி பெற்றது. அது 18 மாத ஆய்வில் நோய் முற்றும் வேகத்தை 27 சதவீதம் குறைத்தது, அவ்வளவுதான். மூளையில் வீக்கம், ரத்தக்கசிவு என்று பக்க விளைவும் உண்டு. அதை யாருக்கும் நான் சிபாரிசு செய்யவில்லை. ஆனால் ஒன்று கவனியுங்கள். அந்த மருந்தும் ஆரம்ப நிலையில் உள்ளவருக்குத்தான், அமிலாய்டு இருப்பது சோதனையில் உறுதியானவருக்குத்தான். ‘வயசு’ என்று மூன்று வருடம் ஓட்டியவருக்கு அந்தக் கதவும் மூடிவிடும்.

மருந்தை விடுங்கள். கேடு செய்யும் மாத்திரையை நிறுத்தலாமே? எங்கள் அண்ணனுக்குச் சிறுநீர் அடங்கவில்லை என்று வேறொரு டாக்டரிடம் போனோம். அவர் மாத்திரை கொடுத்தார். மறதி நோய் என்று நாங்களே ஒப்புக்கொள்ளாதபோது அவரிடம் எப்படிச் சொல்வோம்? அந்த வகை மாத்திரைகளில் சில மறதியை இன்னும் கூட்டும் என்று பின்னால் தெரிந்தது. லூயி பாடி என்ற வகை மறதி நோயில், இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவார்கள். அதற்குப் பைத்தியம் என்று நினைத்து ஹாலோபெரிடால் போன்ற மருந்தைக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. பெயர் தெரியாமல் எதைக் கொடுப்பது, எதைத் தவிர்ப்பது?

இது எல்லாவற்றையும் விடப் பெரியது ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

எங்கள் தங்கை சின்ன வயதிலேயே கணவனை இழந்து, முப்பது வருடமாக அண்ணன் வீட்டுக் கொல்லைப்புறத்தில் உள்ள இரண்டு அறையில் இருக்கிறாள். பிள்ளை கிடையாது. அண்ணன் என்னிடம் பல முறை சொன்னார், “பின்னாடி கட்டின ரெண்டு ரூமையும் இவ பேருக்கு எழுதி வச்சிடணும்டா. எனக்கப்புறம் யாரும் இவளை எழுந்திருன்னு சொல்லக் கூடாது.” சொன்னார், எழுதவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று போயிற்று. வயசுக்குக் கெடு கிடையாதே!

இரண்டு வருடம் கழித்து, அண்ணன் கொல்லைக் கதவைத் திறந்து நடுராத்திரியில் வெளியே போன பிறகு, சென்னைக்குக் கூட்டிப்போய் அந்த ஊசியைப் போட்டோம். இருபது நிமிடம். மறுநாள் எழுந்து காப்பி கேட்டார், நடந்தார். கொஞ்ச நாளில் ரிப்போர்ட் வந்தது. அமிலாய்டு குறைவு, டாவ் அதிகம். அல்சைமர். அதற்குள் என் பெயரையே சில நாள் மறந்துவிடும் நிலைக்கு வந்திருந்தார். வக்கீல் உயில் எழுத மறுத்துவிட்டார். அவர் செய்தது சரிதான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று என் வயதுக்காரர்கள் தெரிந்துகொள்ளுங்கள். 1925-ஆம் வருடத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம் 59-வது பிரிவுப்படி, உயில் எழுதுகிறவர் தெளிந்த மனநிலையில் இருக்க வேண்டும். அல்சைமர் என்று பெயர் வந்த உடனே அந்தத் தகுதி போய்விடாது. ஆரம்ப நிலையில் இருப்பவர் தாராளமாக எழுதலாம், டாக்டர் சான்றிதழோடு எழுதினால் இன்னும் நல்லது. முற்றிவிட்டால் முடியாது. பவர் எழுதிவைத்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கும் சொல்கிறேன். 1872-ஆம் வருடத்து ஒப்பந்தச் சட்டம் 201-வது பிரிவுப்படி, பவர் கொடுத்தவரின் மனநிலை கெட்டுவிட்டால் அந்த பவர் முடிந்துபோகும். தேவைப்படும் நேரத்தில்தான் அது கை கொடுக்காது. அதன் பிறகு சொத்தையோ பாங்குக் கணக்கையோ கையாள உயர்நீதிமன்றம் வரை அலைந்த குடும்பங்கள் உண்டு. எங்கள் தங்கைக்கோ, அண்ணனின் மனைவியும் பிள்ளைகளும் இருக்கும்போது சட்டப்படி ஒரு செங்கல்கூடக் கிடையாது.

அண்ணன் மகன் கெட்டவன் அல்ல. “அத்தை இருக்கட்டும் சித்தப்பா, நான் ஒண்ணும் துரத்தலையே” என்கிறான். நம்புகிறேன். ஆனால் ஒருவர் தன் உரிமையில் இருப்பதும், இன்னொருவர் தயவில் இருப்பதும் ஒன்றா? தங்கை இப்போது கொல்லையில் துணி காயப்போடுவதற்குக்கூட அண்ணன் மருமகளைக் கேட்டுக்கொண்டுதான் போடுகிறாள்.

“ஊசி போடாமலே உயில் எழுதியிருக்கலாமே?” என்று கேட்பீர்கள். எழுதியிருக்கலாம். யார் எழுதினார்கள்? ‘வயசு’ என்று சொல்கிறவரை எவனும் அசைய மாட்டான். நோய் என்று ஒரு காகிதத்தில் வந்தால்தான் அவசரம் வரும். தபாலில் சாதாரணக் கடிதத்துக்கும் தந்திக்கும் இருந்த வித்தியாசம் அது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் யோக்கியன் ஆக மாட்டேன். மறதி எதுவும் இல்லாதவர்கள் இந்தச் சோதனையின் பக்கமே போக வேண்டாம். புத்தி தெளிவாக இருப்பவர்களிலும் அமிலாய்டு இருக்கும். 50 வயதில் 10 சதவீதம் பேரிடம், 90 வயதில் 44 சதவீதம் பேரிடம் இருப்பதாக 2015-இல் வந்த பெரிய ஆய்வு சொன்னது. அவர்களில் பலருக்கு இந்த நோய் வெளியே தெரியாமலே ஆயுள் முடிந்துவிடும். வீணாக ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு மிச்சக் காலம் தூங்காமல் கிடக்க வேண்டியதுதான். இப்போது ரத்தத்திலேயே பாஸ்பேட் டாவைப் பார்க்கும் சோதனையும் வந்துவிட்டது. அமெரிக்காவில் 2025 மே மாதம் ஒன்றுக்கு அனுமதி கொடுத்தார்கள், அதுவும் அறிகுறி உள்ளவர்களுக்கு, நிபுணர் பார்க்கும் இடத்தில் மட்டும் என்று சொல்லி. நாளைக்கே யாராவது சர்க்கரை, கொழுப்போடு மாஸ்டர் செக்கப்பில் இதையும் சேர்த்து, தள்ளுபடி என்று நோட்டீஸ் கொடுத்தால் ஏமாறாதீர்கள். சோதனை நல்லது, வியாபாரம் வேறு.

சோதனைக்கே போகிறவர்கள் டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த முடிவு வந்தால் சிகிச்சையில் எது மாறும்? எடுத்த நீரை எந்தக் குழாயில் வைத்து அனுப்புகிறீர்கள்? (அமிலாய்டு சில வகைக் குழாய்களின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பாலிபுரொப்பிலின் குழாயில் வைக்காவிட்டால் அளவு குறைந்து, இல்லாத நோய் இருப்பதாகக் காட்டும்.) மூன்றாவது, மொத்தம் எவ்வளவு செலவாகும்? கேட்க வெட்கப்படாதீர்கள். நம் பணம், நம் முதுகு.

ரிப்போர்ட் வந்தால் அதை மகன் கையில் மட்டும் கொடுத்து மூடிவைக்கும் வழக்கத்தையும் விடுவோம். “அவருக்குத் தெரிஞ்சா ஒடைஞ்சிடுவாரு” என்று எல்லா வீட்டிலும் சொல்கிறோம். கேட்டவருக்குச் சொல்லுங்கள். தன் புத்தி தன்னை விட்டுப் போகிறது என்பது முதலில் தெரிவது அவருக்குத்தான். ராத்திரி விழித்துக்கொண்டு தனியாகப் பயப்படுகிறவரிடம் ‘ஒன்றுமில்லை’ என்று சொல்வது ஆறுதல் ஆகாது. அவரை அந்தப் பயத்தோடு தனியே விட்டுவிட்டு வருவது அது.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாக 2023-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அதில் எத்தனை வீட்டில் இன்றும் ‘வயசு’ என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்?

அண்ணன் இப்போது என்னை யாரோ பழைய மாணவன் என்று நினைக்கிறார். போனால் உட்காரச் சொல்கிறார், பதினாறாம் வாய்ப்பாடு சொல் என்கிறார். சொல்கிறேன். தப்பாகச் சொன்னால் இன்னும் திருத்துகிறார். அந்தத் திண்ணையில் அவர் கேட்ட கேள்விக்கு மட்டும் இனி நான் சரியான பதிலைச் சொல்ல முடியாது. சொன்னாலும் அவருக்கு எட்டாது.

நாளைக்குக் காலையில் குளத்தங்கரையில் அந்தப் பெரியவரைப் பார்ப்பேன். இந்தக் கட்டுரையை அச்செடுத்து வைத்திருக்கிறேன். அவரிடம் கொடுத்துவிட்டு, “முதல்ல அம்மாகிட்ட கேளுங்க சார், அவங்களுக்குத் தெரிஞ்சுக்கணுமான்னு” என்று சொல்லப்போகிறேன்.